குழிக்குள் இறங்கும் முன்

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் குழுவில் ஒன்பது வருஷமாக அவள் எல்லோருக்கும் தங்கச்சி. போன மாதம் அவளையே குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். மறுநாளிலிருந்து மேடம் ஆகிவிட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம், குழுவின் மற்ற இருவரில் மீசைக்காரன் பெரியவரை ஒரு பார்வை பார்ப்பான். பதவி தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தவர் பெரியவர். ஆனாலும் அவர் முகம் கோணவில்லை. அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அன்று ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழியில் எண்ணெய் கசிந்திருந்தது. மொட்டை மாடி அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையை மாட்டினாள். இருவரையும் அங்கே காவலுக்கு நிறுத்திவிட்டுக் கீழே வந்து குழியில் இறங்கினாள்.

துடைத்துக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலே லிஃப்டுக்குள் விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. இறங்கியதுமே, லிஃப்டை ஓடவிடாமல் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கி வைத்திருந்தாள். அதனால்தான் லிஃப்ட் அசையவில்லை. ஏணியைப் பிடித்து வெளியே ஏறினாள்.

மேலே போனாள். அட்டை தரையில் கிடந்தது.

"காத்துல விழுந்திருக்கும் மேடம்," என்றான் மீசைக்காரன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

"சுவிட்சையும் காத்துதான் போட்டுச்சா?"

பெரியவர் கண்ணாடியைத் துடைத்தபடி மெல்லச் சொன்னார். "ஏதோ வெளாட்டுக்குப் பண்ணிட்டான். பெரிசாக்காதீங்க. உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு."

மறுநாள் அவள் சொன்னாள்: "மீதி வேலைய நீங்க பாருங்கண்ணே. மேல நான் நிக்கிறேன்."

பெரியவர் குழியை எட்டிப் பார்த்தார். "எனக்கு முட்டி வலி."

மீசைக்காரன் தனக்குத் தலை சுற்றுகிறது என்றான்.

"என்னண்ணே பயம்? வெளாட்டுதானே?"

கடைசியில் பெரியவர் இறங்கினார். அவள் மேலே போய், வேறு கை படாதபடி சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து, வேலை முடியும்வரை நின்றாள்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "உங்களுக்குக் கீழ வேலை பாக்கவே பயமா இருக்குன்னு ரெண்டு பேரும் சொல்றாங்க. மிரட்டினீங்களாமே?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பொம்பள மேல வந்தா ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அனுசரிச்சுப் போங்கம்மா. உங்களைச் சிபாரிசு பண்ணினதே நான்தான். என் பேரைக் கெடுத்துடாதீங்க."

"எனக்கு வேற ஆளுங்க வேணும் சார்."

"வேற ஆளுக்கு நான் எங்க போறது? நாளைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட். மூணு பேருமே போங்க."

காலையில் வேன் கம்பெனி வாசலில் நின்றது. மீசைக்காரன் ஓட்டும் இடத்தில் இருந்தான். பெரியவர் இறங்கி நின்று அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவர் முகத்திலும் ஒரு தெம்பு இருந்தது. அவளுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு மூணு பேரும் ஒண்ணாவே குழியில இறங்குறோம்," என்றாள்.

மீசைக்காரன் சாவியைத் திருகாமல் நிறுத்தினான். "அப்ப மேல யாரு நிப்பா?"

"யாரும் இல்ல."

பெரியவர் ஏறிக் கதவைச் சாத்தினார். மீசைக்காரன் சாவியைத் திருகினான்.