முதல் வரியில் கழுகு

1

கண்ணுகளா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை, ஆஸ்பத்திரி ஜன்னலில் உதித்தது. வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். கையில் நாற்பத்தேழாம் எண் சீட்டு. ஏன் இவ்வளவு நேரம் என்று ஜன்னல்காரப் பெண்ணைக் கேட்டேன்.

“கம்ப்யூட்டர் எதனால மெதுவாப் போகுதுன்னு கண்டுபிடிக்க மேனேஜர் புதுசா ஒரு புரோகிராம் போட்டிருக்காரும்மா. அதுலேர்ந்துதான் எல்லாமே மெதுவாப் போகுது. மாடியில ஸ்வெட்டர் அக்கா தலையப் பிச்சுக்கிட்டு இருக்காங்க.”

போதாதா? பழைய எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2

நீல விளக்குகள் மினுமினுக்கும் அந்த அறையில், அவள் ஏகாந்தமாக—

(வேண்டாம். சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவள் ஏகாந்தமாக இருக்க மாட்டாள்.)

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் கம்ப்யூட்டர் அறையில் பல் கிட்டிப்போகும். வருஷம் முழுக்க ஸ்வெட்டர், அதுவே பெயராகிவிட்டது. அவள் கட்டி மேய்ப்பது டீமன்களை.* யாரும் கூப்பிடாமலே எழுந்து, யார் கண்ணிலும் படாமல் ஓடும் கம்ப்யூட்டர் நிரல்கள். ஒன்று கடிகாரத்தைத் திருத்தும். ஒன்று குப்பையைக் கூட்டும். ஒன்று ஆய்வகத்து ரிப்போர்ட்டுகளை ஜன்னலுக்குச் சுமந்து வரும். வேலை இல்லாதபோது வாயைத் திறக்காமல் காத்திருக்கும்.

* பேய் பிசாசு இல்லை, பயப்படாதீர்கள். மூன்று வேளையும் சாப்பாடு ‘தானாக’ மேசைக்கு வருகிறதே, அந்த ரகம்.

புது மேனேஜருக்கு அந்தக் காத்திருப்பு கண்ணை உறுத்தியது. ஒரு நிரலைக் கொண்டுவந்து இறக்கி, ‘கழுகு’ என்று அவரே பெயரும் வைத்தார். கழுகு நொடிக்கு நூறு தடவை ஒவ்வொன்றையும் கேட்கும்: என்ன செய்துகொண்டிருக்கிறாய்? செய்துகொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அது பதில் சொல்லும். கம்ப்யூட்டரின் சக்தியை எது அதிகம் தின்கிறது என்று கழுகு வரிசையாகப் பட்டியல் போடும்.

3

[இங்கே மேனேஜரைக் கொஞ்சம் நல்லவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.]

“லிஸ்ட்ல முதல்ல இருக்கறதுதான் ஜாஸ்தி தின்னுது. நாலு மணிக்குள்ள அதை நிறுத்துங்க. இல்லேன்னா உங்கள நிறுத்திடுவேன்.”

“முதல்ல எது இருக்குன்னு பாத்தீங்களா சார்?”

“பாக்கறதுக்குத்தானே உங்கள வச்சிருக்கோம்?”

போய்விட்டார். அவள் திரையைப் பார்த்தாள்.

முதல் வரியில் கழுகு.

4

முடிவு ஒன்று: ஓடிப்போய்ச் சொல்கிறாள். “அப்படியா? அப்ப கழுகைக் கவனிக்க இன்னொரு கழுகு போடுங்க.” (நிச்சயம் இப்படித்தான் நடக்கும். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: சொன்னபடியே கழுகை நிறுத்துகிறாள். பட்டியல் வெறுமையாகிறது. மேனேஜர் பூரித்துப்போகிறார்: “பாத்தீங்களா, இப்ப ஒருத்தர்கூட வெட்டியா இல்ல!” அல்லது, என் கழுகு எங்கே என்று கேட்டு அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்.

முடிவு மூன்று: நாலு அடிக்க ஐந்து நிமிஷம். அவள் விரல் விசையின் மேல்—

இல்லை, நான் அவளை அழுத்தவைக்க மாட்டேன். நாற்பத்தேழாம் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு நியாயமாக எழுத முடியுமா? அவள் பிழைப்பைப் பறித்து என் வீட்டுக்காரருக்கு ரிப்போர்ட்—

“நாப்பத்தஞ்சு! நாப்பத்தாறு! யாரும்மா நாப்பத்தேழு? சீக்கிரம் வாங்க!”

ஐயோ. அழுத்திவிட்டாள்.

நான் ஜன்னலுக்குப் போயாக வேண்டும், கண்ணுகளா. மாடி ஏற என் முழங்கால் விடாது. நீங்கள் ஏறிப் பாருங்கள். நீங்களே முடிக்க உறையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்:

மேனேஜர் உள்ளே வந்தபோது ஸ்வெட்டர் அக்கா