வேகவைக்காத புரதம்

திரவ நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து காலடியில் பரவியது. தடித்த கையுறையோடு நான்காம் அடுக்கைத் தூக்கினேன். மூன்றாவது பெட்டியின் மூலையில் ஒரே ஒரு குப்பி. 4C7. ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு. இந்த ஆய்வகத்தில் ஏழை அப்படி எழுதியவள் என் மனைவி மட்டும்தான்.

"அதுவும் எறியற லிஸ்ட்ல இருக்குப்பா," என்றாள் டெக்னீஷியன் அக்கா, தாளை மார்போடு அணைத்தபடி. "சார் காலையிலேர்ந்து மூணு தடவை கேட்டுட்டார். நீ கையெழுத்து போட்டா வேலை முடிஞ்சுது."

தொட்டிக்குப் பொறுப்பு நான். என் கையெழுத்து இல்லாமல் எதையும் எறிய முடியாது.

குப்பியில் இருப்பவை, எலியின் செல்லையும் புற்றுச் செல்லையும் இணைத்து அவள் உருவாக்கியவை. ஒரே வகை ஆன்டிபாடியை, நோயை எதிர்க்கும் புரதத்தை, சுரந்துகொண்டே இருக்கும். கொரோனா வைரஸின் மேல் முள்ளாக நீட்டியிருக்கும் புரதத்தைப் பிடிப்பதற்கென்று, சோதனைத் தட்டுகளின் ஆயிரம் குழிகளில் தேடிப் பொறுக்கியெடுத்தாள். உறையவைத்த ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். மூளையில் ரத்தக் கசிவு. எல்லோரும் கொரோனாவா என்று கேட்கிறார்கள். இல்லை.

ஏட்டில் 4C7க்கு எதிரே 'பிடிக்கவில்லை' என்று இருக்கிறது. எழுதியது நான். அவள் போன பதினேழாம் நாள் வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்கு வந்தேன். கை பழகிய வழியிலேயே வைரஸ் புரதத்தை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துச் சோதித்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் 4C7இன் ஆறு குப்பிகளில் ஐந்தை எறிந்தார்கள். அந்தத் தாளிலும் என் கையெழுத்துதான்.

போன வாரம்தான் அவள் நோட்டைத் திறந்தேன். ஓரத்தில் எழுதியிருந்தாள்: முழு உருவத்தைத்தான் பிடிக்கும். வேகவைக்காதே.

கொதித்தால் புரதத்தின் மடிப்புகள் அவிழ்ந்து நூலாகிவிடும். எனக்குத் தெரியாததல்ல. சாப்பிடும்போதுகூட ஒருமுறை சொன்னாள்: "மூஞ்சிய வேகவெச்சுட்டு ஆளை அடையாளம் காட்டுன்னா, யாரால முடியும் சொல்லு?"

ஆய்வகத் தலைவரான சார் வந்தார். கையெழுத்து இல்லாத தாளைப் பார்த்தார்.

"எனக்குப் புரியுதுப்பா. ஆனா உணர்ச்சிக்கெல்லாம் தொட்டியில இடம் ஒதுக்க முடியாது."

"உணர்ச்சி இல்ல சார். சோதனை தப்பு. தப்பா செஞ்சது நான்."

"வைரஸே உருமாறிடுச்சு. இனிமே அது பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன?"

"புதுசையும் பிடிக்குதான்னு பாக்கணும். வேகவைக்காம."

"இருக்கறது ஒரு குப்பி. உருக்கி, செத்துப்போச்சுன்னா?"

"எறியச் சொன்னதே நீங்கதானே சார்."

அக்கா சிரிப்பை மறைக்கச் சட்டென்று திரும்பி எதையோ தேடினாள். அவள் தோள்கள் குலுங்கின.

"உன் பொறுப்பு," என்றார் சார்.

"ஏற்கெனவே என் பொறுப்புதான்."

உறையவைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. வெதுவெதுப்பான நீரில் குப்பியைச் சுழற்றினேன். கடுகளவு பனி மிஞ்சியபோது எடுத்தேன். குடுவையில் இளஞ்சிவப்பு ஊட்டநீரோடு கலந்து, ஒரு துளியில் நீலச் சாயம் விட்டேன். செத்த செல் நீலத்தைக் குடிக்கும். உயிருள்ளது குடிக்காது.

மைக்ராஸ்கோப்பில் நீலம். நகர்த்தினேன். நீலம். மறுபடியும் நீலம்.

"என்னப்பா?" என்றாள் அக்கா. கண்ணாடிச் சில்லை ஓரம்வரை தள்ளினேன்.

ஓரத்தில் ஒரு வெளிச்ச வட்டம். அதை ஒட்டி இன்னொன்று. சற்றுத் தள்ளி நான்கு. நீலத்தைக் குடிக்காதவை.

தாளில் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, கீழே கையெழுத்திட்டு அக்காவிடம் நீட்டினேன். குடுவையின் மேல் 4C7 என்று எழுதினேன். பேனா தானாக இன்னொரு முறை இறங்கியது. செல் வளர்க்கும் இன்குபேட்டரில் வைத்து, கண்ணாடிக் கதவை மூடினேன். உள்ளே, இளஞ்சிவப்பு நீருக்கு மேலே, குறுக்குக் கோடு போட்ட ஏழு.