கயிறு பிடித்த கை

விடியும் முன்பே மணல் மூட்டைகளை இழுத்துப் போடத் தொடங்கியிருந்தார்கள். துறைமுகச் சாலைக்கு அப்பாலிருந்த பழைய உப்புக் கிட்டங்கியின் சுவர்களில் இன்னும் உப்பு பூத்திருந்தது. வியர்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. விட்டத்தில் தொங்கிய கப்பிக்குக் கிரீஸ் தடவிவிட்டு ரோச் ஏணியில் இறங்கினான். கீழே வீரபாகு கயிற்றை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பிசிறு பார்த்துக்கொண்டிருந்தான். இருவரின் உள்ளங்கையிலும் ஒரே மாதிரித் தடம். கயிறு உருவிக்கொண்டு போன தடம், ஆறவில்லை.

கிட்டங்கியில் சினிமாப் படப்பிடிப்பு. மங்கா என்று சொல்லும் ஜப்பானியப் படக்கதை ஒன்றைத் தமிழில் சண்டையும் சிரிப்புமாக எடுக்கிறார்கள். அதில் நீல முடி வைத்த துறவி ஒருவன். குங்ஃபூ அடித்தபடி காற்றில் பறப்பான், விட்டத்தில் முட்டுவான், தரையில் விழுவான். படக்கதையின் அடுத்த கட்டத்திலேயே, தலையில் முட்டை அளவு புடைப்போடு எழுந்து ஓடுவான்.

போன வாரம் அந்தத் துறவியின் உடுப்பில் ஜாய்சன் விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து ஓடுவான் என்று காத்திருந்தார்கள். அவன் எழவேயில்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. கடைசியாகச் சிரித்தது யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஜாய்சன் ரோச்சின் அக்கா கணவன், கடலில் சங்கு குளிப்பவன். சங்கு குளிக்க மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். அக்காளின் வாழ்வைக் கையில் வைத்திருப்பவன் கவனம் பிசகமாட்டான் என்பது அந்தக் கரையின் கணக்கு. அதனால்தான் படத்தில் தொங்க ஒப்புக்கொண்டபோதும் ஜாய்சன் ஒன்றே ஒன்று கேட்டான்: "கயிறு எம்மச்சான்ட்ட இருக்கணும்."

"ஏலே, சீக்கிரம். வெயில் ஏறுமுன்ன ஷாட் எடுக்கணுமாம்." ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவனைக் கண்டு ரோச்சின் கையிலிருந்து கிரீஸ் டப்பா நழுவியது.

நீல முடி. காவி அங்கி. தோள்பட்டையில் புதிதாகப் போட்ட தையல்.

"நாந்தாண்ணே, சிவபாலன்" என்றான் வந்தவன். குலசேகரன்பட்டினத்துச் சிலம்பக்காரன். "தசராவுக்குக் காளி வேசமே கட்டியிருக்கேன். இது கழுத்தைப் பிடிக்கி. வேற உடுப்பு கேட்டா, பழைய ஷாட்டோட சேராதுன்னுட்டாவ."

"துவைச்சுத்தான் குடுத்திருக்கு" என்றார் அண்ணாச்சி.

வார்ப்பட்டையை அவன் இடுப்பில் பூட்டும்போது ரோச் முகத்தைப் பார்க்காமல் பூட்டினான். பிறகு, யாரிடமும் சொல்லாததைத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"தம்பி, மேல போய்ப் பயம் வந்தா வாயால கத்து. கயித்தைச் சுண்டிராத."

"ஏன்?"

"கடலுக்குள்ள அப்படித்தான். கீழ ஏதாவதுன்னா கயித்தைச் சுண்டுவாவ. சுண்டுனா, நெனைக்க நேரமில்ல, கை மேல இழுக்கும். அன்னைக்கு அவருக்கு வார் நழுவிருக்கு. அந்தரத்துல தொங்குறது மறந்துபோய்ச் சுண்டிட்டாரு. நானும் இழுத்துட்டேன்."

வீரபாகு கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவன். சத்தம் கேட்டால் வேலை செய்யும் உடம்பு. "சண்டை மாஸ்டர் 'விடு'ன்னு சத்தம் போட்டாரு. நான் விட்டேன்" என்றான் மெதுவாக. "நீ இழுக்கே, நான் விடுதேன். கயிறு ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சு."

இத்தனை நாளும் இருவரும் தனித்தனியே சுமந்தது இதுதான்.

"முதல் நாள் நாலு பேருல்லா பிடிச்சோம்" என்றான் ரோச். "ஒரு கை தப்புனாலும் மத்த கை நிக்கும்."

"அன்னைக்கு ரெண்டு பேரை நிப்பாட்டுனது யாரு?" என்று சிவபாலன் கேட்டான். கிட்டங்கியில் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கம்பெனிக்காரன் ரெண்டு பேரு போதும்னு சொல்லுதான். நான் என்ன செய்ய? கை தப்புன்னு ரோச்சே ஒத்துக்கிட்டான். போலீசும் வந்துட்டுப் போயாச்சு. கெளறாதிய."

"கை தப்புதான் அண்ணாச்சி" என்றான் ரோச். "தப்புத கைன்னு தெரிஞ்சுதான ரெண்டா குறைச்சிய?"

"பேச்சு படிச்சிட்டியோ? கீழவைப்பாருக்கு ஒரு போன் போட்டா பத்துப் பேரு வருவான்."

"வரட்டும். பத்துல நாலு பேரைப் பிடிக்கச் சொல்லுங்க. நாங்க கும்பிட்டுப் போயிருதோம்."

மணல் மூட்டைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த வாரத்தில் அங்கு கேட்ட முதல் சிரிப்பு. கேட்டதும் எல்லோரும் மேலே விட்டத்தைப் பார்த்தார்கள். ஆளில்லாமல் கொக்கி கடற்காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உடுப்பு அறையிலிருந்து விக்டோரியா வெளியே வந்தாள், ஜாய்சனின் மனைவி. அன்று வேடம் போடுமுன் அவன் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த சட்டையை வாங்கிப்போக வந்தவள். சட்டை கையில் மடிந்திருந்தது. காவி அங்கியைக் கண்டு நின்றாள். நீல முடிக்குக் கீழே வேறு முகம் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

ரோச் தலை குனிந்தான். "அக்கா, நாந்தான் இழுத்தேன்."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "அவரு சுண்டுனா நீ இழுக்காம இருப்பியா? கடல்ல எத்தனை வாட்டி எனக்கு அவரை ஏத்திக் கொண்டாந்து குடுத்த." பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினாள். "இந்தப் பிள்ளையையும் ரெண்டு பேரை வச்சா தூக்கப் போறிய?"

வெளியே காரின் ஒலி கேட்டது. கம்பெனி மேனேஜர் வந்துகொண்டிருந்தார்.

சிவபாலன் நீல முடியைக் கழற்றி மணல் மூட்டைமேல் வைத்தான். வார்ப்பட்டையைக் கழற்றவில்லை. "நாலு பேரு பிடிச்சா ஏறுதேன்" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

ரோச்சும் வீரபாகுவும் கயிற்றைக் கையில் எடுத்தார்கள். விளக்குக்காரர்கள் இருவர் வந்து அதைத் தொட்டார்கள். பின்பு மூட்டை சுமந்த பெண்கள். யாரும் இழுக்கவில்லை, தளர்ந்து கிடந்த கயிற்றைப் பிடித்தபடி வாசலைப் பார்த்து நின்றார்கள். மேனேஜர் உள்ளே வந்தார். கூலி போகும், ஆள் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ரோச்சின் புண்ணான உள்ளங்கையில் கயிறு ஒருமுறை சுண்டியது. ஒரு வாரமாகத் தூக்கத்தில் சுண்டிய அதே சுண்டல். மேலே பார்த்தான், யாருமில்லை. திரும்பினான். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றின் வாலைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள் விக்டோரியா.

அவன் இழுக்கவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டான்.