கறுப்புப் பையில் ஒன்பது கீ

போடி பஜாரில் ஜெபமணி ஏலக்காய் வாங்குவது பார்க்க வேண்டிய காட்சி. மூட்டையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். தட்டில் ஒரு கைப்பிடி சாம்பிள் கொட்டச் சொல்வார். வெளிச்சத்தில் பிடித்துப் பச்சையைப் பார்ப்பார். ஈரத்துணியில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஒரு காயை உரித்து, உள்ளிருக்கும் அரிசியைக் கடித்துக் கண்ணை மூடுவார். மீதிக் காயைத் தோளுக்குப் பின்னால் தரையில் வீசுவார். பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது அவர் கவலை இல்லை. அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு.

இதில் நல்ல தர்க்கம் இருக்கிறது. ஒரு மூட்டையில் இருக்கும் காயெல்லாம் ஒரே தோட்டத்தில் பறித்து, ஒரே உலர்த்துக் கொட்டகையில் காயவைத்தவை. அதனால் கைப்பிடி எப்படியோ மூட்டையும் அப்படி. முப்பது வருடமாக இந்தத் தர்க்கம் அவரைக் கைவிட்டதில்லை. அதே தர்க்கத்தை வைத்துத்தான் சென்ற மாதம் தன் மகளின் தொழிலை, அது பிறப்பதற்கு முன்பே, ஏறக்குறைய அடக்கம் செய்துவிட்டார்.

மகள் ஷீபா கோயம்புத்தூர் கணினிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவள். அப்பாவின் குடோனில் தெருப்பக்கத்து அறையைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, பத்து கம்ப்யூட்டருக்கு மேசை போட்டாள். கேமிங் சென்டர். அறையில் எத்தனை முறை பினாயில் ஊற்றினாலும் ஏலக்காய் வாசம் போகவில்லை. பாயசத்துக்குள் உட்கார்ந்து விளையாடுவது போலிருக்கிறது என்றாள் அவள் தோழி கயல்.

அந்த அறைமேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. எதிர்க்கடை அய்யாத்துரை. மலையில் அடுத்த பறிப்பு தொடங்கினால் மூட்டை அடுக்க அவருக்கு இடம் இல்லை. நல்ல வாடகை தருவதாக ஜெபமணியிடம் சொல்லிவிட்டார். ஜெபமணி மகளுக்கும் நண்பருக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

"தொறக்குற அன்னைக்குப் பத்துப் பெட்டியும் ஓடணும், பத்துலயும் ஆளு இருக்கணும். அப்ப அறை ஒனக்கு. ஒரு பெட்டி சும்மா கெடந்தாலும் எதிர்க்கடை அண்ணாச்சி மூட்டைய எறக்கிருவாக. பெறகு இங்கன வந்து அழக்கூடாது, ஆத்தா."

"நான் அழமாட்டேன். நீங்கதான் மூட்டைக்குப் பக்கத்துல ஒக்காந்து தும்முவீக."

திறப்பு நாளுக்கு ஷீபா தேர்ந்தெடுத்தது மலைச்சாலையில் கார் ஓட்டும் புது விளையாட்டு. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் படிக்கட்டில் தொங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்காமல் போகாது. சென்டரில் வைத்து நடத்த, விளையாட்டைச் செய்த கம்பெனியிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள். பத்து பெட்டிக்கும் பத்து கீ மட்டும் வாங்க வேண்டும்.

கீ என்பது என்ன? விளையாட்டை நெட்டிலிருந்து இறக்கி வைப்பது சுலபம். அதைத் திறக்கத்தான் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வேண்டும். செக்போஸ்ட்டில் லாரிக்காரர் காட்டும் சீட்டு மாதிரி. ஒரு முறை காட்டியதும் கிழித்துவிடுவார்கள். அதே சீட்டை இன்னொரு லாரி காட்டினால் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

கம்பெனிக் கடையில் கீ விலையைப் பார்த்ததும் ஜெபமணிக்கு விக்கல் எடுத்தது. தானே போனைத் தடவி, பாதிக்கும் குறைவான விலையில் அதே கீயை விற்கும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தார்.

"யப்பா, அது கம்பெனி கடை இல்ல. அங்கன யாரு வேணா கொண்டாந்து விப்பாங்க. தளத்துக்காரன் கமிஷன் மட்டும் எடுத்துக்குவான்."

"அப்ப மண்டின்னு சொல்லு. எங்களுக்கு மண்டி தெரியாதாக்கும்!"

அன்றிலிருந்து அவருக்கு அந்தத் தளம் மண்டி. அதில் விற்பவர் ஒருவரைப் பிடித்தார். படத்தில் ஒரு தங்க நரி. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள் வரிசையாக மின்னின.

"எந்தத் தோட்டத்துச் சரக்குன்னு கேளு."

ஷீபா ஆங்கிலத்தில் கேட்டாள். நூறு சதவீதம் பத்திரம், நண்பரே, என்று பதிலும் அதன் பின்னால் ஒரு இதயமும் வந்தன.

"பாத்தியா? என்ன மரியாதையான பய!"

"எங்கருந்து வந்ததுன்னு கேட்டா இதயத்தக் காட்டுறான். இதுவா மரியாத?"

"சாம்பிள் எடுப்போம். சாம்பிள் பொய் சொல்லாது."

ஒரு கீ வாங்கினார்கள். அப்போது கடையில் வந்திறங்கியிருந்தது ஒரே ஒரு பெட்டிதான். ஷீபா கீயைத் தட்டினாள். விளையாட்டு திறந்தது. ஜெபமணி ஸ்டியரிங்கைப் பிடித்து, முதல் வளைவிலேயே காரைப் பள்ளத்தில் விட்டார். கார் உருண்டு உருண்டு விழுந்த அழகைப் பார்த்து அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

"சரக்கு மொதத் தரம். மீதி ஒம்பதையும் இவன்ட்டயே எடு."

"ஒண்ணு ஓடுனா ஒம்பதும் ஓடும்னு எப்படிப்பா?"

"கைப்பிடி எப்படியோ மூட்டையும் அப்படி."

இங்கேதான் முப்பது வருடத் தர்க்கம் இடறியது. தங்க நரிக்குத் தோட்டம் கிடையாது. அவனே பல இடத்தில் பொறுக்கியவன். விலை குறைவான நாட்டில் ஒரு கீ வாங்கியிருப்பான். மொத்தமாகக் கட்டி விற்ற சலுகைப் பொட்டலத்தில் மிஞ்சியது ஒன்று. விமர்சனம் எழுதுகிறேன் என்று விளையாட்டைச் செய்தவரிடமே இலவசமாகக் கேட்டு வாங்கியது ஒன்று. எவனோ திருடிய கார்டில் வாங்கியதும் ஒன்று இருக்கலாம். ஒன்பது கீ என்றால் ஒன்பது தோட்டம். ஒரு காயைக் கடித்துவிட்டு ஒன்பது தோட்டத்துக்கும் சான்றிதழ் கொடுத்தார் ஜெபமணி.

கார்டு அவருடையது. ஒன்பதையும் வாங்கினார்.

"இப்பவே ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துருவோம்ப்பா," என்றாள் ஷீபா.

ஜெபமணி அதிர்ந்துபோனார். "பிரிச்சு வச்சா வாசம் போயிரும்! விக்கிற அன்னைக்குத்தான் மூட்டையத் தொறக்கணும்."

"இதுல என்னப்பா வாசம் இருக்கு?"

"தொழில்னா தொழில்தான்."

ஒன்பது கீயையும் தாளில் அச்செடுத்தார். வேறு கண் படக்கூடாது என்று போனில் வந்த மெயிலை அழித்தார். காயின் பச்சை மங்காமல் இருக்கப் போடும் கறுப்புப் பாலிதீன் பையில் தாளைச் சுருட்டி, வாயைக் கட்டி, இரும்புப் பெட்டியில் பூட்டினார். பெட்டிச் சாவி அவர் இடுப்பில்.

இதில் இன்னொரு இடறல் உண்டு. அந்த மண்டியில் கீ ஓடவில்லை என்றால் பணம் திரும்ப வரும், ஆனால் குறித்த நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும். பை கட்டிய வாய் கட்டியபடி இருக்க, கெடு சத்தமில்லாமல் கழிந்துபோனது.

அதற்கிடையில் ஜெபமணி தினமும் காலையில் சாம்பிள் பெட்டியில் உட்கார்ந்தார். தரம் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் பள்ளத்தில் விழாமல் மலையேறினார். தன் காருக்கு நீல வண்ணம் பூசி, கதவில் கடைப் பெயரைக்கூட எழுத வைத்தார்.

திறப்பு நாள் சனிக்கிழமை. பாஸ்டர் ஜெபம் செய்து, கேக் வெட்டிவிட்டுப் போனார். வாசலில் நாற்பது பேர் கூட்டம். பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்துகூட பைக்கில் வந்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய அய்யாத்துரை.

ஜெபமணி கறுப்புப் பையைப் பிரித்து, பழக்கதோஷத்தில் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, தாளை மகளிடம் கொடுத்தார்.

முதல் கீ ஓடியது. இரண்டாவதுக்கு, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று பதில் வந்தது. மூன்றாவது, உங்கள் நாட்டில் செல்லாது. நான்காவது ஓடியது. ஐந்தாவதும் ஆறாவதும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டவை. கயல் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க ஜெபமணியின் முகம் சாயம் போன காய் மாதிரி ஆனது. ஒன்பதில் நான்கு தேறின.

"சாம்பிள் பெட்டியோட அஞ்சு ஓடுதுல்ல?" என்றார் ஈனஸ்வரத்தில்.

ஷீபா அந்தப் பெட்டியைத் திறந்தாள். விளையாட்டு இருந்த இடம் காலி. கம்பெனியிலிருந்து ஒரு வரி மட்டும் இருந்தது. கீ ரத்து.

"நேத்துக் கூட ஓட்டுனேனே!"

ஓடியிருக்கும். திருட்டுக் கார்டில் வாங்கிய கீ அன்றைக்கே செத்துப்போவதில்லை. கார்டுக்கு உரியவர் எங்கோ ஒரு ஊரில் மாதக் கணக்கைப் பார்த்து வங்கியில் சண்டை போட வேண்டும். வங்கி விசாரித்து, விற்ற கடையிடமிருந்து பணத்தைப் பிடுங்க வேண்டும். பிறகுதான் கம்பெனி அந்தக் கீயைச் செல்லாததாக்கும். அதற்குள் நரி காசை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அடி விழுவது, ஒன்றும் தெரியாமல் நீலக் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் ஏலக்காய் வியாபாரிக்கு. இந்தக் கீயும் அப்படித்தானா என்று அடித்துச் சொல்ல முடியாது. காரணத்தைக் கம்பெனி சொல்லவில்லை.

"என் வண்டி, ஆத்தா. கடைப் பேரெல்லாம் எழுதியிருந்தேன்."

"புகார் குடுக்கலாம்னு பாத்தா, கெடு முடிஞ்சிருச்சு. வாசம் போயிரும்னு பையக் கட்டி வச்சீகளே, இப்ப மோந்து பாருங்க, நல்லா வருதா?"

அய்யாத்துரை உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, நாலு பெட்டிதான் மினுங்குது. டெம்போக்காரன் வேற அவசரப்படுத்துறான். எறக்கிரவா?"

ஷீபா அப்பாவைப் பார்த்தாள். கம்பெனிக் கடையில் மீதி ஆறு கீயை இப்போதே வாங்கலாம். பெட்டிகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் கொடுத்தபின் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அப்பா கையிலிருந்ததைப் போன வாரமே மலைத்தோட்டத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வாசலில் பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

"யப்பா, தொழில் கேள்வி ஒண்ணு. சரக்கு நாலு. வாங்க வந்தவுக நாப்பது. நீங்களா இருந்தா என்ன செய்வீக?"

ஜெபமணியின் முதுகு நிமிர்ந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். போடியில் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. அவர் இளவயதில் கத்திக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தத் தொண்டை இன்னும் துருப்பிடிக்கவில்லை.

"கேளுங்கப்பா! மொத பந்தயம், நாலே நாலு சீட்டு! சீட்டு விக்கிற காசுல ஒங்க கண்ணு முன்னாலயே கம்பெனில கீ வாங்கிப் போடுவோம், மீதி ஆறு பெட்டியும் ஓடும்! இந்த நாலு எதுவரைக்கும் ஓடும்னு எனக்கே தெரியாது. அதுனாலதான் இப்பவே கேளுங்கங்கேன்!"

"அத ஏம்ப்பா சொல்றீக?" என்று பல்லைக் கடித்தாள் ஷீபா.

"சரக்கோட குறையச் சொல்லித்தான் விக்கணும்."

குறையைச் சொன்னதும் கூட்டத்துக்கு வெறி பிடித்தது. எந்த நிமிடமும் மறைந்துபோகக்கூடிய விளையாட்டை யார்தான் விடுவார்கள்? மூன்று சீட்டு போனது. நாலாவதுக்குத் தேவாரத்து முத்துராஜா என்ற கல்லூரிப் பையன் விலையை ஏற்றிக்கொண்டே போனான்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!"

வாசலில் ஒரு கை உயர்ந்தது. அய்யாத்துரையின் கை. அதை அவரே கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். ஒரு சரக்கு இன்னொருத்தனுக்கு மலிவாகப் போவதைச் சும்மா நின்று பார்க்கும் கை அவருக்கு இல்லை.

"மூணு தரம்! அண்ணாச்சிக்கு!"

"எனக்கு எதுக்குய்யா இது?"

"கேட்டீகள்ல? வந்து ஒக்காருங்க மாமா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஷீபா.

பந்தயம் தொடங்கியது. பையன்கள் மூவரும் பறந்தார்கள். அய்யாத்துரை ஒவ்வொரு வளைவிலும் நின்று ஹார்ன் அடித்து, எதிரில் வண்டி வருகிறதா என்று பார்த்து, இரண்டாவது கியரில் திரும்பினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்தடுத்து மூன்று கார்களும் பள்ளத்தில் விழுந்து எரிந்தபோது சிரிப்பு அடங்கியது. தனியாக, மாட்டுவண்டி வேகத்தில், ஹார்ன் அடித்தபடி அவர் கார் உச்சியை நெருங்கியது.

டெம்போக்காரர் உள்ளே வந்தார். "அண்ணாச்சி, மூட்டைய எங்கன எறக்க?"

"ஏலே, வளைவுல இருக்கேன், பேசாத!"

மத்தியானத்துக்குள் சீட்டுக் காசில் ஆறு கீயும் கம்பெனிக் கடையில் வாங்கி, வாங்கிய கையோடு போட்டாகிவிட்டது. பத்துப் பெட்டியும் ஓடின. பத்திலும் ஆள் இருந்தது. ஒன்றில் அய்யாத்துரை.

சொன்ன சொல்லை ஜெபமணி மாற்றவில்லை. அறை ஷீபாவுக்கு. அய்யாத்துரையின் மூட்டைகள் ஜெபமணி வீட்டு ஹாலுக்குப் போயின. இப்போது அவர் மூட்டைமேல் உட்கார்ந்துதான் டிவி பார்க்கிறார், தும்முகிறார்.

மண்டியில் வாங்கிய நாலு கீயும் இன்னும் ஓடுகின்றன. அவை யாரோ மலிவான நாட்டில் ஒழுங்காக வாங்கியவையாக இருக்கலாம். கார்டுக்காரர் இன்னும் கணக்கைப் பார்க்காதவையாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஷீபா அந்த நாலு பெட்டியிலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறாள். ஏதாவது ஒன்று போனால் கம்பெனிக் கடையில் புதுக் கீ வாங்கிப் போடக் காசை ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

தினமும் காலையில் கடை திறந்ததும் ஜெபமணி முதலில் அந்த நாலையும் போட்டுப் பார்க்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போவதுபோலக் கொஞ்சம் குனிந்து பார்க்கிறார்.

"சரக்கு எப்படிப்பா?" என்று உள்ளிருந்து கேட்பாள் ஷீபா.

"இன்னைக்கு நல்லாருக்கு," என்பார்.