மறுபடி ஏலத்துக்கு வந்த பீங்கான்

தேவாலயத்து அறுவடைப் பண்டிகை விற்பனை மேசையில், அலுமினியச் சட்டிகளுக்கும் கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்கும் அடியில் அந்தப் பீங்கான் தட்டின் நீல விளிம்பு தெரிந்ததும் றெபேக்கா முதலில் செய்த காரியம், அதன்மேல் ஒரு பழைய தலையணை உறையை இழுத்து மூடியதுதான். நல்ல சாமானைக் கண்டவுடன் முகமெல்லாம் பல்லாக நிற்கிறவருக்கு விலை தானாக ஏறிவிடும். நல்லூரிலும் சுன்னாகத்திலும் எட்டு மாதமாகப் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி அவள் படித்த பாடம் அது.

சுற்றிலும் பார்த்துவிட்டு உறைக்குள் கைவிட்டு விளிம்பைச் சுண்டினாள். கணீரென்றது. வெடிப்பில்லை. மெல்லத் திருப்பினாள். இங்கிலாந்து முத்திரைக்குப் பக்கத்தில், சிவப்பு நகப்பூச்சில் இரண்டு பொட்டு இருந்தது.

அம்மா வைத்த பொட்டு. அயல் வீட்டுக் கலியாணத்துக்கு இரவல் போகிற பாத்திரம் மாறிப்போகாமலிருக்க அம்மா எல்லாவற்றிலும் இப்படித்தான் அடையாளம் வைப்பார். இந்தப் பீங்கானைப்போல ஒன்று கிடைத்தால் போதுமென்றுதான் றெபேக்கா அலைந்தாள். கிடைத்ததோ அதுவேதான்.

மூன்று வருடத்துக்கு முன் அவளே விற்றது. கனடாவிலிருக்கும் அக்கா மிரியம் தொலைபேசியில் ஏதோ சொல்லிவிட்டாள் என்று, அன்று பின்னேரமே இதைக் கொண்டுபோய் எமில்ராஜின் பழைய சாமான் கடையில் கொடுத்தாள். அவன் அதை யாருக்கோ விற்றுவிட்டான். காசுக்கு ஒரு முடையும் இல்லை. வெறும் கோபம்.

இப்போது மிரியம் வந்து ஒரு கிழமையாகிறது. நாளை மத்தியானம் அவளுடைய மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். அம்மாவின் பெரிய பீங்கானில்தான் புரியாணி வைக்க வேண்டுமென்று அக்கா வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "பெட்டகத்துக்கை கிடக்கு அக்கா, எடுத்துத் தாறன்" என்று றெபேக்காவும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்று பின்னேரம் பெட்டகத்தைத் திறந்தே ஆகவேண்டும்.

விலைச்சீட்டில் ஐந்நூறு ரூபா என்றிருந்தது. பீங்கானை உறையோடு அணைத்துக்கொண்டு காசு மேசைக்கு விரைந்தாள். நாலடிதான் மிச்சம். ஏலம் விடுகிற டானியல் மாஸ்ரர் குறுக்கே வந்துவிட்டார்.

"ரீச்சர், உதை இஞ்சை தாங்கோ. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஆக்கள் சபைக்கெண்டு குடுத்தது. ஆரோ தெரியாமல் விலை ஒட்டிப்போட்டினம். ஏலத்திலை விடுவம்."

"நான் எடுத்திட்டன் மாஸ்ரர்."

"ஏலத்திலை எடுங்கோவன். ஆண்டவற்றை வேலைக்குத்தானே."

ஆண்டவரின் பெயரைச் சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? மனுசன் பீங்கானை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

அங்கே எமில்ராஜ் நின்றான். பழைய சாமான் எங்கே விற்கிறதோ அங்கே அவனும் நிற்பான். பீங்கானைப் புரட்டிப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், பிறகு றெபேக்காவைத் தேடி வந்தான்.

"ரீச்சர், உது நீங்கள் எனக்கு..."

"வாயை மூடும். அக்கா அங்கை இருக்கிறா."

அவனுக்கு விளங்கிவிட்டது. "நான் ஏன் கதைக்கப்போறன்? ஆனால் நானும் கேப்பன் ரீச்சர். கொழும்பிலை ஒரு ஆள் உதுக்குத் தவம் கிடக்குது."

வட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள அந்தத் தேவாலயத்தில் அறுவடைப் பண்டிகை ஏலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் விரும்பினால் பொருளைத் திருப்பிக் காணிக்கையாகக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். சற்று முன் ஒரு பூசணிக்காய் மூன்று தரம் விலைப்பட்டுக் கடைசியில் கொண்டுவந்தவரிடமே போய்ச் சேர்ந்திருந்தது. ஊரெல்லாம் கை தட்டியது.

றெபேக்கா அக்காவுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். மாஸ்ரர் பீங்கானைத் தூக்கிக் காட்டினார்.

"எடி, எங்கடை பீங்கானைப் போலக் கிடக்கு!" என்றாள் மிரியம்.

"பின்பக்கத்தையும் பாருங்கோ, இங்கிலாந்துச் சாமான்" என்று மாஸ்ரர் அதைத் திருப்பினார். றெபேக்கா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நல்ல காலம், அந்த நேரம் பார்த்துப் பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ மிரியத்தின் தோளைத் தட்டிச் சுகம் விசாரித்தார்கள்.

எமில்ராஜ் இரண்டாயிரம் என்றான். றெபேக்கா மூவாயிரம் என்றாள். அவன் ஐந்து, அவள் ஆறு. அவன் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"உனக்கேனடி உது? வீட்டிலை ஒண்டு கிடக்கெல்லே?"

"சோடியாக இருக்கட்டும் அக்கா."

"ஆறாயிரம், ஒருதரம். ஆறாயிரம், ரெண்டுதரம்..."

இன்னும் ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. அதற்குள் மிரியம் கையைத் தூக்கினாள். "இருபதாயிரம்!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. கனடாக்காரர் வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டாமா? மூன்றுதரம் சொல்லி முடிந்ததும் மிரியம் எழுந்து, பீங்கானைத் தொட்டும் பாராமல், "அதைச் சபைக்கே திருப்பிக் குடுக்கிறன். எங்களிட்டை அம்மாவின்ரை கிடக்கு" என்றாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. றெபேக்காவும் தட்டினாள். தட்டாமல் என்ன செய்வாள்?

மறுபடி ஏலம் தொடங்கியது. எமில்ராஜ் ஐந்தாயிரத்தில் பிடித்தான். றெபேக்கா எட்டு என்றாள். அவளுடைய கைப்பையில் எட்டாயிரத்து ஐந்நூறுதான் இருந்தது.

"பத்து" என்றான் அவன்.

"விசரியே நீ?" மிரியம் சிரித்தாள். "விடன், அந்தப் பொடியன் கொண்டுபோகட்டும்."

"பத்தாயிரம், ஒருதரம்."

பேசாமல் விட்டுவிட்டு, பின்னேரம் பெட்டகத்தைத் திறந்து, ஐயோ களவு போய்விட்டதே என்று குழறலாம். ஒரு கிழமையாகச் சொன்ன பொய்யோடு அதுவும் ஒன்றாகப் போகும். ஆனால் எமில்ராஜ் கொழும்புக்கு அனுப்பிவிட்டால் அம்மாவின் பீங்கான் போனது போனதுதான்.

"ரெண்டுதரம்."

"அக்கா, பெட்டகத்துக்கை ஒண்டும் இல்லை. உதுதான் அம்மாவின்ரை. நான் வித்துப்போட்டன்."

மிரியத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. றெபேக்காவின் பக்கம் திரும்பாமலே எழுந்தாள். "இருபத்தையாயிரம்" என்றாள். இந்தமுறை குரலில் கனடாப் பெருமை ஒன்றும் இல்லை.

எமில்ராஜ் றெபேக்காவை ஒருதரம் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

மிரியம் மேடைக்குப் போனாள். பீங்கானைத் திருப்பி, இரண்டு சிவப்புப் பொட்டிலும் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். "இதையும் ஆண்டவருக்கோ?" என்று மாஸ்ரர் பகிடியாகக் கேட்டார். "இல்லை. இது எங்கடை அம்மாவின்ரை" என்றாள் மிரியம். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. றெபேக்காவுக்கு நிலம் வெடித்து உள்ளே போகலாம் போலிருந்தது.

திரும்பி வந்து அமர்ந்த மிரியம் பீங்கானை மடியில் வைத்துக்கொண்டாள். மேடையில் வாழைக்குலை ஒன்று ஏறியது.

"காசு தேவைப்பட்டதோ?"

"இல்லை. உங்களிலை கோவம். அண்டைக்கு ரெலிபோனிலை சொன்னியள்."

"நான் என்ன சொன்னனான்?"

அக்காவுக்கு அது நினைவிலேயே இல்லை. மூன்று வருடமாக நெஞ்சுக்குள் முள்ளாய்க் கிடந்த சொல், சொன்னவளுக்கு மறந்தே போய்விட்டது. றெபேக்காவுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது.

"'அம்மாவின்ரை கல்லறையைக்கூட உனக்கு ஒழுங்காப் பாக்கத் தெரியாது' எண்டு சொன்னியள்."

மிரியம் சால்வையை எடுத்துப் பீங்கானைச் சுற்றி, றெபேக்காவுக்கு எட்டாத பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டாள். "வீட்டை போய் மிச்சச் சாமானை ஒருக்கா எண்ணோணும்" என்றாள்.

"எண்ணுங்கோ அக்கா. வடிவா எண்ணுங்கோ. எண்ணி முடிச்சுக் கல்லறைக்கும் வாங்கோ. நீங்கள் சொன்ன நாளிலையிருந்து ஒரு சனிக்கிழமை விடாமல் நான்தான் போய்க் கூட்டிறன். நீங்கள் வந்து ஒரு கிழமை. இன்னும் அந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை."

மேடையில் வாழைக்குலை முதல்முறை விலைப்பட்டு மறுபடி ஏலத்துக்கு வந்தது. அது முடியும்வரை மிரியம் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். பிறகு சால்வையோடு பீங்கானைத் தூக்கி, றெபேக்காவின் மடியில் வைத்தாள்.

"கவனமாப் பிடி" என்று எழுந்தாள். "வா, வெயில் ஏற முன்னம் அம்மாட்டைப் போவம்."