எதுக்கும் இன்னொண்ணு

"எதுக்கும் இன்னொண்ணு எடுத்துடலாம்மா. உள்ள போனா சட்டுனு முடிஞ்சிடும்."

"போன மாசம் எடுத்ததுதான் என் கையில இருக்கே."

"இருந்து என்ன பண்ண? பாக்க முடியணுமே."

ஸ்கேன் அறை ஊழியர் பொறுமையாகத்தான் பேசினார். எதிரே நின்றவள், நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த சிறுமியின் சித்தி. சிறுமிக்குக் காதுக்குக் கீழே ஒரு கட்டி. நாளை அதை எடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன் கழுத்தின் உட்புறம் அவருக்குத் தெரிய வேண்டும். படங்களெல்லாம் வேறொரு மருத்துவமனை தந்த சிடியில் இருந்தன. இங்கே புதிதாக வந்திறங்கிய கணினிகள் எதிலும் சிடி போட இடமில்லை.

"அங்கயே கேட்டு மெயில்ல அனுப்பச் சொல்லுங்களேன்."

"கேட்டாச்சு. 'அதான் சிடி குடுத்துட்டோமே'ங்கிறாங்க."

ஊழியர் சிரித்துவிட்டார். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா, சிறுமியின் அம்மா. தைராய்டில் புற்றுநோய் என்று அறுவை செய்ததிலிருந்து அவளுக்குக் குரல் திரும்பவில்லை. காகிதத்தைக் கசக்குவது போல ஒரு கிசுகிசுப்பு மட்டும்.

"எடுத்துட்டாங்களா?"

"இல்லக்கா."

"எடுக்க விட்டுடாதடி. என் கழுத்து பட்டது போதும்."

அக்கா சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு கழுத்தில் அடிபட்டவள். பார்த்த மருத்துவர்கள் ஆளுக்கொரு ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய்க்கு அந்த ஸ்கேன்களின் கதிர்வீச்சுதான் காரணமா என்று பின்னாளில் சித்தி கேட்டபோது, "அதனாலதான்னும் சொல்ல முடியாது, அதனால இல்லன்னும் சொல்ல முடியாது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு ஒரு சட்டை இருந்திருந்தால் பிடித்து உலுக்கியிருப்பாள்.

டாக்டரிடம் போனாள். அவர் கோபப்படவில்லை, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒரு ஸ்கேன்ல வர்ற ஆபத்து ரொம்பச் சின்னதும்மா. கட்டி ரத்தக்குழாய ஒட்டியிருக்கான்னு தெரியாம நான் கத்தி வெச்சா அதுதான் பெரிய ஆபத்து."

"சின்னதுதான் டாக்டர். ஆனா வளர்ற குழந்தையோட கழுத்து. போன மாசம் ஒரு சின்னது, இன்னைக்கு ஒரு சின்னது. அடுத்த ஆஸ்பத்திரியில எதுக்கும்னு இன்னொரு சின்னது. யாரு இதையெல்லாம் கூட்டிப் பாக்குறா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய படம் தெளிவா இருந்தா எனக்கு அதுவே போதும். வேண்டாம்னா சொல்றேன்? மத்தியானத்துக்குள்ள அதையோ புதுசையோ காட்டுங்க. இல்லன்னா நாளைக்கு ஆபரேஷன் நடக்காது. அடுத்து எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

சிறுமியை இழுத்துக்கொண்டு அறை அறையாக அலைந்தாள். ரத்தப் பரிசோதனை, மருந்தகம், கணக்குப் பிரிவு. எங்கும் ஒரே பதில், அதுவும் பெருமையோடு: "எல்லாமே புதுசு மாத்திட்டாங்க மேடம்."

"சித்தி, இதுல என் மூஞ்சி தெரியுது," என்றாள் சிறுமி, சிடியைத் திருப்பிப் பிடித்து. "படம் தெரியுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?"

"வாய மூடிட்டு வாடி, வாலு."

எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை. சுவரோரம் பழுப்பேறிய கணினி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சிடியை வாங்கி, காணாமல்போன உறவினரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பொத்தானை அமுக்க, கணினி நாக்கை நீட்டியது. கொஞ்சம் முனகலுக்குப் பிறகு திரையில் சாம்பல் வட்டங்கள் வந்தன.

"இது நானா?"

"நீதான்."

"மூஞ்சியே இல்ல. பாவம்."

மூச்சுக்குழாயின் இருபுறமும் வெள்ளையாக இரண்டு துண்டுகள் தெரிந்தன. அதுதான் தைராய்டோ என்னவோ. அவளை அறியாமல் அவள் கை சிறுமியின் கழுத்தைப் பொத்தியது.

மெயிலில் அனுப்ப அந்தக் கணினியில் இன்டர்நெட் இல்லை. கடைக்காரர் பென் டிரைவில் ஏற்றித் தந்தார். ஓடினாள். ஸ்கேன் ஊழியர் கையை விரித்தார்: "வெளி பென் டிரைவ் எதுவும் போட விடமாட்டாங்க. வைரஸாம்."

"போன்ல படம் பிடிச்சிட்டு வரவா?"

"டாக்டர் ஒண்ணொண்ணா ஓட்டிப் பாக்கணும்மா. போட்டோவுல ஆகாது."

திரும்ப ஓடினாள். அந்தக் கணினியையே தூக்கி வர முடியுமா என்று கேட்டாள். "அசைச்சா உயிர விட்டுடும்மா, இது கிழவன்," என்றார் கடைக்காரர்.

மூச்சிரைக்க அவள் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மதியம் நெருங்கிவிட்டது. ஸ்கேன் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாப்பா, உள்ள வாடா கண்ணு," என்றார் ஊழியர். சிறுமி சித்தியைப் பார்த்தாள். போன் மறுபடி அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

நடையில் டாக்டர் அடுத்த நோயாளியின் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். சித்தி குறுக்கே போய் நின்றாள்.

"டாக்டர், எதிர்க்கடையில படம் திறந்திருக்கு. நல்லாத் தெரியுது. கடைக்காரர் உங்களுக்காக ஸ்டூல்கூடத் துடைச்சுப் போட்டிருக்கார். ரோட்டத் தாண்டினாப் போதும், வந்து ஒரு தடவை பாக்கிறீங்களா?"