முதலாளி வீட்டு லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக் இறந்து ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழேகாலுக்கு, தொலைக்காட்சியில் வந்தார். ‘அணையாத பழி’ தொடரின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதி அது. தன் கணவனைக் கொன்ற முதலாளியின் மாளிகைக்குள் புகுந்து, தொடரின் நாயகி வக்கீலம்மா கண்ணீரும் கம்பலையுமாகச் சபதம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கருவிப் பையோடு குறுக்கே போனவர் சாட்சாத் மெக்கானிக்தான். ஆயத்த ஆடைக் கடையில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தரும் தையல்காரி, அவர் மனைவி, டீயைக் கீழே வைத்துவிட்டு, “பேன்ட் ஓரம் பிரிஞ்சு தொங்குது, வாயத் தொறந்து சொல்றாரா பாரு” என்றாள். அதற்கப்புறம்தான் ஓவென்று அழுதாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவிர எல்லா நாளும் வந்தார். மாளிகையின் லிஃப்ட் கதவைத் திறந்து தலையை நுழைப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி நுழைப்பார். தையல்காரி இருக்கும் பக்கம் ஒருநாளும் திரும்பவில்லை. “அண்ணன் இளைச்சுட்டாரு அண்ணி, அந்த வீட்ல சோறு தண்ணி ஏதாவது குடுக்கிறாங்களா இல்லையா?” என்று நாத்தனார் அங்கலாய்த்தாள். மாடி வீட்டு முடிதிருத்துபவர், தண்ணீர் வந்ததா என்று விசாரிக்கும் தோரணையில், இன்றைக்கு வந்தாரா என்று விசாரிப்பார். தொலைக்காட்சி நிலையத்தைக் கேட்டபோது அப்படி ஒரு நடிகரே இல்லை என்றார்கள். மாளிகையே அட்டையில் வரைந்தது, அதற்கு லிஃப்ட் ஏது என்றும் சொன்னார்கள். தையல்காரி அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை.

இரண்டாம் வருடம் வக்கீலம்மா முதலாளியின் நெஞ்சில் துப்பாக்கியை வைத்தாள். முதலாளி செத்தால் கதை முடிந்துவிடும், இவர் எங்கே போவார்? தையல்காரி தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓடிப்போய், “உன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதா தங்கச்சி? என் வீட்டுக்காரர் அங்கதான் வேலை பாக்கிறாரு. கொஞ்சம் பொறுத்துக்க” என்று கெஞ்சினாள். வக்கீலம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை இறக்கினாள். துப்பாக்கி உயரும்போதெல்லாம் இவள் கெஞ்சுவதும் அவள் இறக்குவதுமாக நான்கு வருடம் ஓடியது. முதலாளிக்கு இரண்டு முறை நினைவு தப்பியது, எங்கிருந்தோ ஓர் இரட்டைப் பிறவி முளைத்தது, கதையை ஜவ்வாக இழுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் காறித் துப்பின.

ஒரு வியாழக்கிழமை, தையல்காரி வாயைத் திறப்பதற்குள் வக்கீலம்மாவே பேசினாள். “கை வலிக்குதுக்கா. நீங்க உங்க வீட்டுக்காரரத் தினமும் பாக்கிறீங்க. நான் எப்பக்கா என் வீட்டுக்காரருக்காக அழுது முடிக்கிறது?”

தையல்காரிக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எலும்பும் தோலுமாகிப்போன அந்தப் பெண்ணை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பிறகு லிஃப்டுக்குள் குனிந்திருந்த மனிதரை, கண்ணும் மனதும் நிறையப் பார்த்தாள். “பாவி நான், உன்னப் பாடாப் படுத்திட்டேன். சுடும்மா” என்றாள்.

முதலாளி உயிரை விட மூன்று விளம்பர இடைவேளை எடுத்துக்கொண்டார். வக்கீலம்மா தரையில் உட்கார்ந்து, பின்னணி இசை இல்லாமல், முதல்முறையாகக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு திரையின் ஓரத்தைத் தாண்டிப் போனார். ‘முற்றும்’ என்று போட்டார்கள். தையல்காரி பெட்டியை அணைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இனி அவரைப் பார்க்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு மெக்கானிக் கதவைத் தட்டினார்.

“முதலாளி செத்தாத்தான் விடுவோம்னுட்டாங்க அங்க” என்றார், செருப்பைக் கழற்றியபடி. “அந்தப் பொண்ணு துப்பாக்கியத் தூக்கும்போதெல்லாம் நான் பையக் கட்டிடுவேன். யாரோ ஒரு மகராசி நாலு வருஷமா தடுத்துக்கிட்டே இருந்தா.”

“யாருங்க அவ, மனசாட்சியே இல்லாதவ” என்று தையல்காரியும் சேர்ந்து திட்டினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததால் அடுப்படிக்குள் போய்விட்டாள். திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வேலைக்குப் போய், ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்.